மடியில் ஒரு பிஸ்கட் டின்

என் மகள் சுமதிக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தியை எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்தான். படித்தது மட்டுமல்ல, வெட்டித் தாளில் ஒட்டியதும் நான்தான். பாளையங்கோட்டையில் தந்தி வேலை பார்க்கிறேன். இயந்திரத்திலிருந்து நாடாவாக வரும் எழுத்துகளைக் கத்தரித்து, பின்பக்கம் ஈரம் தொட்டு, படிவத்தில் வரிசையாக ஒட்ட வேண்டும். அன்று முதல் நாடாவில் எங்கள் வீட்டு விலாசம் வந்தது. இரண்டாவதில் சுமதி மருத்துவமனையில் என்று இருந்தது. மூன்றாவதில் நிமோனியா, கவலை வேண்டாம்.

கவலை வேண்டாம் என்பதைக் காசு கொடுத்து யாரும் சும்மா அனுப்ப மாட்டார்கள். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. பக்கத்து இருக்கை ரோஸிதான் என் கையிலிருந்து கத்தரியை வாங்கி வைத்தாள். இதை எழுதும் இன்றும் இயந்திரம் தடதடவென்று ஆரம்பித்தால் ஒரு கணம் எனக்குக் கை ஓடுவதில்லை.

சுமதி மலேசியாவுக்கு ஆராய்ச்சி செய்யப் போனபோதே என் வீட்டுக்காரர் எனக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். எதிலும் முன்யோசனைக்காரர். இருந்தும் நான் புறப்பட மூன்று வாரமாகிவிட்டது. அதற்குள் அவள் மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. 'அவ என்ன சொன்னாலும் சரி, பிள்ளையைக் கையோட கூட்டிட்டு வந்துரு' என்று சொல்லித்தான் அவர் என்னை அனுப்பினார். அவள் சாமான்களுக்காகப் பெட்டியில் பாதியைக் காலியாகவே கொண்டுபோனேன்.

கோலாலம்பூரில் முதலில் பார்த்தது சுமதியின் பேராசிரியரை. சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற கேன்வாஸ் ஷூ. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். அவர் சொன்னதை விளக்க, சுமதி என்ன வேலை செய்கிறாள் என்று முதலில் சொல்ல வேண்டும். சளிக்காய்ச்சல் வைரஸை வளர்ப்பது அவள் வேலை. எங்கள் தெருவில் இதைக் கேட்டவர்கள், 'வளக்கதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையாக்கும்' என்று சிரித்திருக்கிறார்கள். வைரஸ் தானாக வளராது, உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும் என்பதால், கண்ணாடிக் குடுவைகளில் செல்களை வளர்த்து அதில் வைரஸை விடுகிறார்கள். கோலா சிலாங்கூருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில், மூடிக் கிடந்த பழைய மருத்துவமனையின் ஓர் அறையை இதற்காகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அந்த அறையில் இரண்டு வகை வைரஸ் உண்டு. ஒன்று தோட்டத்து ஆட்களின் தொண்டையிலிருந்து எடுத்தது. மற்றது வயல்பக்கத்து வாத்துகளிடமிருந்து எடுத்தது. சுமதி காய்ச்சலில் விழுந்த வாரம், தோட்டத்திலும் பலர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஆகவே அவளுக்கு வந்தது மனிதரிடமிருந்தா, அல்லது அவள் கையாண்ட வாத்துக் குடுவையிலிருந்தா என்று தெரிய வேண்டும். குடுவையிலிருந்து என்றால் அறையை மூடுவேன் என்றார் பேராசிரியர். தெரியாமலே போனாலும் மூடத்தான் வேண்டும். அப்படி மூடினால் சுமதி ஊருக்குப் போய் ஆறு மாதமாவது இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

காய்ச்சல் வந்த முதல் நாளே அவள் தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்ததை இரண்டு சின்னக் குப்பிகளில் பிரித்து உறைபனியில் வைத்திருந்தார்களாம். ஒன்றைப் பத்து நாட்களுக்கு முன் சுமதியே செல்களில் விட்டிருக்கிறாள். ஒன்றும் முளைக்கவில்லை. மிச்சம் ஒரே ஒரு குப்பி.

நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். உள்ளுக்குள், அது குடுவையிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும் என்று வேண்டினேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வேண்டினேன்.

என்னை அழைத்துப்போக வந்தவர் டிரசர் மாரிமுத்து. தோட்டங்களில் மருந்து கொடுப்பவரை டிரசர் என்கிறார்கள். டாக்டர் எப்போதாவது வருகிறவர், டிரசர் எப்போதும் இருப்பவர். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, பையில் நான்கு பேனா. சுமதி தங்கியிருப்பது அந்தப் பழைய மருத்துவமனையை ஒட்டிய இவர் வீட்டில்தான். வாரம் ஒருமுறை கோலாலம்பூர் வந்து, புதுச் செல்களை ஒரு பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்துக் கொண்டுபோவது அவர் வழக்கம். பஸ்ஸில் ஏறியதும், என் பெட்டியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி டின்னை என் மடியில் வைத்துவிட்டார்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். எங்கள் பக்கத்துப் பனை இஷ்டத்துக்கு ஒன்றொன்றாக நிற்கும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கிறது, எங்கிருந்து பார்த்தாலும் வரிசை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. எல்லோரும் இறங்கினோம். பத்து நிமிடம் என்று ஓட்டுநர் மலாயில் சொன்னதாக டிரசர் சொன்னார். நம் ஊர்ப் பத்து நிமிடம்தான் அதுவும். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிரசருக்கு டின்னைப் பற்றித்தான் கவலை.

"வெயில்ல வச்சிராதீங்கம்மா. நம்ம ஒடம்புச் சூடு எவ்வளவோ, அவ்வளவுதான் அது தாங்கும். கூடுனா செத்துரும்."

சாலையோரத்தில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி பானக்கடை போட்டிருந்தார். அந்த நிழலில் உட்கார்ந்து டின்னைத் திறந்தேன். தட்டையான நான்கு குடுவைகள், கழுத்துவரை ரோஜா நிறத் தண்ணீர். மணிக்கட்டின் உட்பக்கத்தை வைத்துச் சூடு பார்த்தேன், பிள்ளைக்குப் பால் கொடுக்குமுன் பார்ப்பதுபோல. கொஞ்சம் சூடுதான். கைக்குட்டையை நனைத்து டின்னைச் சுற்றிக் கட்டினேன்.

கடைக்கார அம்மாள் குனிந்து பார்த்தார். தன் கண்ணாடி ஜாடியைக் காட்டி ஏதோ சொன்னார். அதிலும் அதே நிறத்தில் சிராப் என்கிற ரோஜா சர்பத். டிரசர் சிரித்தபடி எனக்கு மொழிபெயர்த்தார். நான் அவருக்குப் போட்டியாகக் கடை போட வந்திருக்கிறேனா என்று கேட்கிறாராம். எங்களுடையதில் சர்க்கரை குறைவு, நீங்கள் பயப்பட வேண்டாம் என்று டிரசர் பதில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் எங்களுக்கு ஆளுக்கொரு கோப்பை சிராப் கொடுத்தார். டின்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்து நான் குடிக்கத் தயங்கினேன். அப்புறம் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

இது எதனுடைய செல் என்று டிரசரிடம் கேட்டேன். அவர் கடைக்கார அம்மாள் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"நாயோட கிட்னிம்மா அது, அவங்களுக்கு நாய் ஆகாது. எந்தக் காலத்து நாயோ தெரியாது. அது போயாச்சு, இது இன்னும் வளந்துக்கிட்டே இருக்கு."

நான் டின்னை மடியிலிருந்து எடுத்துப் பலகையில் தள்ளி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெயில் நகர்ந்து பலகைமேல் விழுந்தது. மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கோலா சிலாங்கூரில் இறங்கி, தோட்டத்து லோரியில் உள்ளே போனோம். பழைய மருத்துவமனை வாசலில் சுமதி நின்றாள். சட்டை கொடியில் காய்வதுபோல அவள்மேல் தொங்கியது. கன்னத்தில் எலும்பு தெரிந்தது. நான் லோரியிலிருந்து இறங்குவதற்குள் அவள் ஓடிவந்து டின்னை வாங்கினாள். குடுவை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஒண்ணும் ஆகலை, நல்லா இருக்கு" என்றாள். அதன்பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டாள். மூன்று வாரம் சோறு இறங்காமல் கிடந்தவள் நான். முதல் பார்வை நாய்க்கு.

அன்றே என் பெட்டியைத் திறந்து பார்த்தவள், ஏன் பாதி காலியாக இருக்கிறது என்று கேட்டாள். நான் பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

டிரசரின் மனைவி பாக்கியம் என்னை முதல் நிமிடத்திலிருந்தே அக்கா என்றாள். மறுநாள் காலை தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் வைத்தாள். காலையில் சோறா என்று கேட்டேன். இது சோறு இல்லை அக்கா, நாசி லெமாக் என்றாள், அதோடு கேள்வி முடிந்துவிட்டதுபோல. உறைப்பு காதில் ஏறியது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சுமதி ஒரு தட்டு முழுக்கச் சாப்பிடுவதைப் பார்த்தது அதைவிட ருசி.

சாப்பிட்டபின் அவளிடம் சண்டைக்கு உட்கார்ந்தேன். நூற்றுநாலு டிகிரி காய்ச்சல், மறுபடி வந்தால் யார் பார்ப்பது என்று ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"காய்ச்சல் வைரஸ் இல்லம்மா. அது ஒங்க ஆபீஸ் வேலை."

"எங்க ஆபீஸா?"

"வைரஸ் உள்ள புகுந்த செல்லு சும்மா சாகாது. பக்கத்துச் செல்லுக்கெல்லாம் ஒரு தந்தி குடுத்துரும். நான் போறேன், நீ கதவை அடைச்சுக்கோன்னு. அது கெடைச்ச செல்லு முழிச்சுக்கிடும். காய்ச்சல், மேல்வலி, அசதி, எல்லாம் பெரும்பாலும் அந்தத் தந்தியாலதான்."

அந்தத் தந்திக்கு இன்டர்பெரான் என்று பெயராம். நோய் தொற்றிய குடுவையின் தண்ணீரை எடுத்து, அதிலுள்ள வைரஸைக் கொன்றுவிட்டு, புதுச் செல்கள்மேல் ஊற்றி வைப்பாள். பிறகு புதுச் செல்களில் வைரஸை விட்டால் அவை தாக்குப்பிடித்து நிற்கும். செய்தி முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டதல்லவா. எந்த வைரஸுக்கு எவ்வளவு தந்தி போகிறது என்று அளப்பதுதான் அவள் ஆராய்ச்சியின் மறுபாதி. அப்படியானால் நிறையத் தந்தி போனால் நல்லதுதானே என்றேன்.

"நெறைய போனாலும் கஷ்டம்மா. ஒரு தந்தி வந்து நம்ம வீடு பட்ட பாடு தெரியாதா ஒனக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை அத்தோடு நின்றது. எத்தனையோ வருடம் பார்த்த வேலையை என் உடம்புக்குள்ளேயே யாரோ சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரியும்.

அன்று சாயங்காலம் சுமதி படுத்திருந்தாள். மருத்துவமனைத் தாழ்வாரத்து மேசையில் அவள் நோட்டுப்புத்தகம் கிடந்தது. புரட்டினேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, செய்து முடித்ததும் வரியின் ஓரத்தில் ஒரு சின்ன டிக். அவள் தொண்டைக் குப்பியை முதலில் செல்லில் விட்ட நாளின் பக்கத்தில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. என் கண் தானாகவே எண்ணிவிடும், அது தொழில் வாகு. பன்னிரண்டு வரிக்குப் பதினொரு டிக். ஏழாவது வரியில், 'கழுவு, இரண்டு முறை' என்பதன் ஓரத்தில் ஒன்றும் இல்லை.

மருந்து எண்ணிக்கொண்டிருந்த டிரசரிடம், கழுவுவது எதற்கு என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். பஸ்ஸில் வரும் செல்களுக்குப் பசிக்காமல் இருக்க சீரம் என்கிற ரத்தத் தெளிநீரை நிறைய ஊற்றி அனுப்புவார்கள், அதைக் கழுவி எடுக்காமல் வைரஸை விட்டால் சீரமே தடுத்துவிடும், வளராது என்றார். 'சுமதி மிஸ்ஸுக்கு இது தூக்கத்திலயும் தெரியும்லா' என்று சேர்த்துக்கொண்டார்.

தூக்கத்தில் தெரியும். மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டாம் நாள், இருமலோடு, நிற்க முடியாமல் நின்று செய்யும்போது மறந்திருக்கிறது. மறந்தது அவளுக்கே தெரியாது. அன்று காலைகூட ஒரு வேலையின் பாதியில் உட்கார்ந்துவிட்டு, எங்கே விட்டேன் என்று தலையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். நாளைக்கு மிச்சமிருக்கும் ஒரே குப்பியையும் அப்படியே வீணாக்கினாள் என்றால் ஒன்றும் தெரியாமல் போகும். தெரியாமல் போனால் அறையை மூடுவார்கள். மூடினால் அவள் என்னோடு ஊருக்கு வருவாள்.

நோட்டுப்புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். பாக்கியம் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்த மீன்தலைக் கறியைப் பற்றி எழுத ஆசைதான். என்ன ருசி இருந்தது என்று ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் காலை, சுமதி வெள்ளை அங்கி போட்டு, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். எனக்கு உள்ளே அனுமதியில்லை. தாழ்வாரத்து ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் மடியில் கொண்டுவந்த குடுவை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். உறைபனியிலிருந்து குப்பியை எடுத்து, உருகட்டும் என்று உள்ளங்கையில் பொத்திப் பிடித்தாள். அவ்வளவு சின்னக் குப்பி. ஜுரம் வந்தால் என் கட்டைவிரலை இப்படித்தான் பொத்திக்கொள்வாள், இரண்டு வயதில்.

கண்ணாடியைத் தட்டினேன்.

"ஏழாவது வரில டிக் இல்ல, சுமதி. போன தடவை."

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. குப்பியைப் பனியில் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்து நோட்டைப் பிரித்தாள். அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எப்பம்மா பாத்த?"

"நேத்து சாயங்காலம்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. காலியான பாதிப் பெட்டியைப் பார்த்தவள்தானே. நோட்டை என் கையில் கொடுத்தாள்.

"நீ வெளிய நின்னு படி. நான் செய்றேன். எனக்கு நடுவுல தல சுத்துது."

எங்கள் வேலையில் முக்கியமான சொல்லையும் எண்ணையும் மறுமுனை திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். அதே முறையை வைத்துக்கொண்டேன். நான் ஜன்னலில் வரியைப் படிப்பேன். அவள் செய்துவிட்டு உள்ளிருந்து திருப்பிச் சொல்வாள். அதன்பிறகு என் பேனாவால் டிக்.

"ஏழு. கழுவு."

"ஏழு. கழுவிட்டேன்."

"ரெண்டாம் தடவை."

"ரெண்டாம் தடவை கழுவிட்டேன்மா."

பின்னால் வந்து நின்ற டிரசர், "ஐயரு மந்திரம் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை திருப்பிச் சொல்ற மாதிரி இருக்கு லா" என்றார். உள்ளே சுமதியின் தோள் குலுங்கியது. ஒன்பதாவது வரியில் சிரிக்காமல் நில் என்று அதட்ட வேண்டியிருந்தது. பன்னிரண்டு வரி, பன்னிரண்டு டிக். குடுவை சூட்டுப்பெட்டிக்குள் போயிற்று.

முளைக்க இரண்டு மூன்று நாளாகும் என்றார்கள். அந்த நாட்கள்தான் என் உல்லாசப் பயணம். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாதபோது ஊர் சுற்றுவது நல்லது.

நான்காம் நாள் பாக்கியம் என்னைக் கோலா சிலாங்கூர்க் குன்றுக்கு அழைத்துப்போனாள். மேலே பழைய கலங்கரை விளக்கம், கீழே ஆறு கடலில் கலப்பது தெரிகிறது. அங்கே ஒரு வகைக் குரங்கு. உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம், குட்டி மட்டும் ஆரஞ்சுப் பழம் மாதிரி. நம் ஊர்க் கோயில் குரங்குபோல் பிடுங்காது, பக்கத்தில் வந்து கையை நீட்டி மரியாதையாக வாங்கும் என்று பாக்கியம் சத்தியம் செய்தாள். மரியாதையாகத்தான் வந்தது. கடலைப் பொட்டலத்தை முழுதாக வாங்கிக்கொண்டு போனது. கீழே கடையில் ரொட்டி சானாய் போடுபவர் மாவைத் தலைக்குமேல் சுழற்றுவதைப் பார்த்து நான் வாய்பிளந்து நிற்க, "அக்காவுக்கு இன்னொரு வாட்டி காட்டுங்க லா" என்று பாக்கியம் அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் மூன்று முறை காட்டினார், மூன்று ரொட்டியையும் நாங்கள்தான் சாப்பிட வேண்டியதாயிற்று.

இந்த லா எனக்குப் புதிதில்லை. திருநெல்வேலிக்காரர்களும் 'நான் அப்பவே சொன்னேம்லா' என்போம். இங்கே அதைக் கெஞ்சவும் அதட்டவும் கிண்டல் செய்யவும் வைத்துக்கொள்கிறார்கள். சுமதி எந்த லா எங்கே என்று தெரியாமல் இரண்டையும் கலந்து பேசுகிறாள்.

ஐந்தாம் நாள் சுங்கை புரோங் வயல்களுக்கு வாத்து பார்க்கப் போனோம். சுமதியும் வந்தாள், லோரியில் டிரசர் பக்கத்தில். அறுவடை முடிந்த வயல், கண்ணுக்கு எட்டியவரை தட்டை. தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்த எனக்கே பொறாமையாக இருந்தது. வாய்க்காலில் நூற்றுக்கணக்கில் வாத்துகள். ஒரு தும்மல், ஒரு சோர்வு கிடையாது. ஆனால் அவற்றில் பலவற்றின் குடலில் இந்த வைரஸ் குடியிருக்கிறதாம். வாத்தும் வைரஸும் பல காலமாகச் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன என்றாள் சுமதி. வாத்துக்காரர் மலாய்ப் பெரியவர். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, சுமதி கையுறை போட்டுக்கொண்டு வாலைத் தூக்கிப் பஞ்சு விட்டாள். வெளியூர்க்காரி ஒருத்தி தன் வாத்துகளின் பின்பக்கத்தைப் பார்க்கவே படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று பெரியவர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறாராம். ஒரு வாத்து என் சின்னாளப்பட்டுச் சேலைமேல் தன் பங்கை வைத்தது. பெரியவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தந்திக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது அன்றுதான்.

ஆறாம் நாள் காலை சுமதி அறையிலிருந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து இழுத்தாள். அங்கி மாட்டி, மூக்கு கட்டி, எதையும் தொடக்கூடாது என்று நான்கு முறை சொல்லி, என்னை நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தாள். முதலில் ஒன்றும் விடாத குடுவையைக் காட்டினாள். செல்கள் ஒன்றையொன்று ஒட்டி, தளத்தில் பதித்த ஓடுபோல இடைவெளியின்றி இருந்தன. பிறகு மற்றக் குடுவை. ஓடு பெயர்ந்து கிடந்தது. செல்கள் உருண்டு திரண்டு, தளத்தை விட்டு மிதந்துகொண்டிருந்தன.

"செத்துப்போச்சா?" என்று ஜன்னலுக்கு வெளியே டிரசர் கேட்டார்.

"செத்துப்போச்சுண்ணே. எல்லாம்."

"ஆண்டவா, நல்லது" என்றார் அவர். சமையலறையில் பாக்கியம் சேமியாவை எடுத்து நெய்யில் வறுக்கத் தொடங்கினாள். சாவுக்குப் பாயசம் வைத்ததை நான் பார்த்தது அன்றுதான்.

செல்கள் செத்ததென்றால் வைரஸ் வளர்ந்துவிட்டது. இனி அது மனிதருடையதா வாத்தினுடையதா என்று தெரிய வேண்டும். அதற்குக் கோழி ரத்தம் வேண்டுமாம். பாக்கியத்தின் வெள்ளைக் கோழி இதற்குப் பழக்கப்பட்டது. டிரசர் இறக்கையின் கீழ் ஊசியால் ஒரு சிட்டிகை எடுக்க, அது முணுமுணுத்துவிட்டு மேயப் போயிற்று. சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டு. இந்த வைரஸ் இருந்தால் கோழியின் ரத்த அணுக்கள் குழிக்குள் வலைபோலப் பரவி நிற்கும். வைரஸை எதிர்க்கும் சரியான சீரத்தைச் சேர்த்தால் வைரஸ் அடங்கி, அணுக்கள் அடியில் குங்குமப் பொட்டாக இறங்கும். ஒரு வரிசையில் மனிதக் காய்ச்சலுக்கான சீரம், அடுத்த வரிசையில் வாத்துக்கானது. பொட்டு எந்த வரிசையில் விழுகிறதோ, அதுதான் என் மகளைப் படுக்கவைத்தது. வரிகளை நான் படித்தேன், அவள் திருப்பிச் சொன்னாள். தட்டை ஜன்னல் ஓரம், எங்களுக்குத் தெரியும்படி வைத்தாள்.

முக்கால் மணி நேரம் நான்கு பேரும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாக்கியம் பாயசக் கரண்டியோடு நின்றாள். முதல் சில நிமிடங்கள் எல்லாக் குழியும் ஒரே கலங்கல். நான் எந்த வரிசைக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று என்னையே கேட்டேன். கோலாலம்பூரில் வேண்டியதை மாற்றிக்கொண்டிருந்தேன். எப்போது மாற்றினேன் என்று சொல்லத் தெரியவில்லை. வாத்துக்காரர் தண்ணீரோடு ஓடிவந்தபோதாக இருக்கலாம்.

மேல் வரிசையில் முதல் பொட்டு இறங்கியது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. கீழ் வரிசை பரவியபடியே நின்றது. மேல் வரிசைதான் மனித வரிசை.

"பொட்டு விழுந்துருச்சு" என்றாள் சுமதி. இறங்கிய பொட்டுகளை விரலால் எண்ணினாள். "எல்லாருக்கும் வந்ததுதாம்மா எனக்கும் வந்தது. குடுவை மேல தப்பு இல்ல."

தோட்டத்து ஆட்களின் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸையும் பக்கத்துத் தட்டில் வைத்திருந்தாள். அங்கேயும் அதே வரிசையில் அதே பொட்டு. அப்படியானால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்துதான், அதுவும் நம்ம வீட்டிலிருந்துதான் வந்திருக்கும், நான்தான் முதலில் இருமினேன் என்று டிரசர் குற்றத்தை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். பாக்கியம் அவர் முதுகில் கரண்டியால் ஒன்று வைத்தாள்.

தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம், அதாவது குமாஸ்தாவிடம் கேட்டு, தொலைபேசியில் பேராசிரியரை அழைத்தார்கள். சுமதி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எங்களிடம் சொன்னாள். தட்டு கோலாலம்பூரிலும் ஒருமுறை சரிபார்க்கப்படும். அறை மூடப்படாது. ஆனால் இரண்டு நிபந்தனை. சுமதி பிற்பகலில் கட்டாயம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும். ஜன்னலில் ஒருவர் நின்று வரி படிக்காமல் இனி எந்தக் குடுவையும் திறக்கக்கூடாது. டிரசர் உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். ஏழாவது வரியை எப்படிப் படிக்க வேண்டும் என்று அன்று பிற்பகல் முழுக்க அவருக்குப் பாடம் எடுத்தேன்.

கிளம்பும் நாள் சுமதி என் பெட்டியின் பாதியைத் தானே நிரப்பினாள். பாக்கியத்தின் நெத்திலி இரண்டு பொட்டலம், சம்பல் ஒரு போத்தல், அவள் அப்பாவுக்கு ஒரு சாரோங், ரோஸிக்கு ஒரு குடை. பெட்டி மூடவில்லை. மேலே உட்கார்ந்து பூட்டினாள். உட்கார்ந்தவளின் எடை போதுமா என்று நான் பார்த்தேன். பூட்டு விழுந்தது.

பஸ்ஸுக்கு முன் கோலா சிலாங்கூர் அஞ்சலகத்துக்குப் போனோம். வீட்டுக்கு ஒரு தந்தி கொடுக்க வேண்டும். எங்கள் இயந்திரத்தில்தான் வரும், ரோஸிதான் ஒட்டுவாள், அவள் பதறக்கூடாது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணிடம் நானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். சுமதி நலம், வேலை தொடர்கிறது, நான் மட்டும் வருகிறேன், மகிழ்ச்சி.

சொல்லுக்கு இவ்வளவு காசு என்பதால் அந்தப் பெண் பேனா முனையால் சொற்களை எண்ணினாள். நானும் மனதுக்குள் எண்ணினேன், இருவருக்கும் ஒரே எண் வந்தது. பிறகு அவள் கடைசிச் சொல்லின்கீழ் மெல்லக் கோடிட்டு, இது இல்லாவிட்டாலும் செய்தி புரியுமே, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். என் கவுண்டருக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பதும் இதே கேள்விதான். கேட்டுக் கேட்டு எத்தனை சொற்களை அடித்திருப்பேனோ.

புரியும்தான் என்றேன் அவளிடம். இருக்கட்டும்.